விஏ வீட்டுக் கடன்: ஃபண்டிங் ஃபீ கட்டத்தான் வேண்டுமா?

அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்குக் கிடைக்கும் விஏ வீட்டுக் கடனைப் பற்றி விசாரித்தால், எல்லோரும் முதலில் சொல்வது முன்பணம் வேண்டாம் என்பதைத்தான். அப்புறம் மாதாமாதம் மார்ட்கேஜ் இன்சூரன்ஸ் (கடன் திரும்பாவிட்டால் கடன் கொடுத்தவரைக் காக்கும் காப்பீடு) கிடையாது, வட்டியும் பெரும்பாலும் கொஞ்சம் குறைவு என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் கடன் கொடுக்கும் லெண்டர் அனுப்பும் செலவுக் கணிப்பான லோன் எஸ்டிமேட்டின் இரண்டாம் பக்கத்தைப் பார்க்கும்போது, யாரும் சொல்லாத ஒரு கட்டணம் அங்கே உட்கார்ந்திருக்கும்: விஏ ஃபண்டிங் ஃபீ. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு முன்பணமே கட்டாமல் முதல்முறை கடன் எடுப்பவருக்கு அது 8,600 டாலர்.

நம்மவர்களிலும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கிரீன் கார்டோடு ராணுவத்தில் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம். 2008 இறுதியில் அறிவிக்கப்பட்டு 2016-இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டத்தின் (தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை கிரீன் கார்டு இல்லாமலே ராணுவத்தில் சேர்த்த திட்டம்) மொழிப் பட்டியலில் தமிழும் இருந்ததால், மாணவர் விசாவிலிருந்து நேராகச் சீருடைக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். இவர்களுக்கு வீட்டில் பெரியவர்கள் யாரும் விஏ லோன் எடுத்த அனுபவம் இருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத இடத்தில், லெண்டர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதுதான் நடக்கும்.

இந்த ஃபீ விஷயத்தில் எல்லோரும் முதலில் கேட்பது, கையிலிருந்து கட்டுவதா, கடனோடு சேர்ப்பதா என்பது. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் நீங்கள் கட்ட வேண்டியவர்தானா என்று பார்க்க வேண்டும். கட்ட வேண்டும் என்றால் குறைக்க வழி உண்டா என்று பார்க்க வேண்டும். எப்படிக் கட்டுவது என்பது அதற்குப் பிறகு. கீழே அந்த வரிசையிலேயே போகலாம்.

இது யாருக்குப் போகும் பணம்?

விஏ என்கிற படைவீரர் நலத்துறை உங்களுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுப்பது வங்கியோ மார்ட்கேஜ் கம்பெனியோதான். நீங்கள் கட்டாமல் போனால் நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறேன் என்று விஏ ஜாமீன் நிற்கிறது. 1944-இல் வந்த ஜிஐ பில் சட்டத்திலிருந்து இது நடந்துவருகிறது. அந்த ஜாமீன் செலவில் ஒரு பகுதியைக் கடன் வாங்குபவர்களிடமே ஒருமுறைக் கட்டணமாக வாங்குவதுதான் ஃபண்டிங் ஃபீ. விகிதத்தை நாடாளுமன்றம் சட்டமாகப் போடுகிறது. லெண்டர் வசூலித்து விஏ-வுக்கு அனுப்பிவிடுவார். அதனால் இந்த ஒரு வரியில் லெண்டரிடம் பேரம் பேசிப் பயனில்லை. "எங்களிடம் வந்தால் ஃபண்டிங் ஃபீயைக் குறைத்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பணத்தை வேறு எந்த வரியில் ஏற்றியிருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

முதல் படி: நீங்கள் விலக்குப் பெற்றவரா?

கீழே உள்ளவற்றில் ஒன்று பொருந்தினாலும் ஃபீ பூஜ்யம். பாதி, கால் என்ற பேச்சே இல்லை.

- ராணுவப் பணியால் வந்த உடல், மனக் குறைபாட்டுக்காக விஏ-விடம் மாதாமாதம் இழப்பீடு வாங்குபவர்.
- அந்த இழப்பீட்டுக்குத் தகுதி இருந்தும், அதற்குப் பதிலாக ராணுவ ஓய்வூதியமோ பணிச் சம்பளமோ வாங்குபவர்.
- டிஐசி என்கிற, வீரரின் குடும்பத்துக்கான மாத உதவித்தொகை பெறும், இறந்துபோன வீரரின் மனைவி அல்லது கணவர்.
- இன்னும் பணியில் இருந்தாலும், விலகுவதற்கு முன்பே கொடுத்த விண்ணப்பத்தின் பேரில், இழப்பீட்டுக்குத் தகுதியானவர் என்ற முன்மொழிவு ரேட்டிங்கை (குறைபாட்டுக்கு விஏ போடும் சதவீத மதிப்பீடு) க்ளோசிங் தேதிக்குள், அதாவது கையெழுத்துப் போட்டு வீட்டை வாங்கி முடிக்கும் நாளுக்குள், வாங்கிவிட்டவர்.
- போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்று இன்னும் பணியில் இருப்பவர். க்ளோசிங் அன்றோ அதற்கு முன்போ சான்று காட்ட வேண்டும்.

முதல் வரியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இழப்பீடு என்றதும் கை, கால் போனவர்களுக்கானது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இழப்பீடு 10 சதவீத ரேட்டிங்கிலேயே தொடங்கிவிடுகிறது. பீரங்கிச் சத்தத்திலும் விமான இன்ஜின் பக்கத்திலும் வேலை பார்த்து, ராத்திரியில் காதுக்குள் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கிறதா? டின்னிடஸ் என்கிற அந்தக் குறை, விஏ-வுக்கு மிக அதிகமாக வரும் விண்ணப்பங்களில் ஒன்று. மூட்டைச் சுமந்து போன முழங்கால், முதுகு எல்லாம் இதில் அடக்கம். 10 சதவீதம் கிடைத்தாலே ஃபண்டிங் ஃபீ முழுவதும் போய்விடும். ரேட்டிங் கிடைத்து, அது 0 சதவீதம் என்றால் மட்டும் கவனம்: குறை பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் பொதுவாக மாதப் பணம் கிடையாது, ஆகவே விலக்கும் கிடையாது.

"நான் நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இதெல்லாம் கேட்டுக்கொண்டு" என்று கூச்சப்படுபவர்கள் நம்மில் அதிகம். காது ரீங்காரத்தைப் பொறுத்துக்கொண்டு 8,600 டாலரையும் கட்டுவதில் என்ன பெருமை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பணியில் இருக்கும்போதே, விலகும் நாளுக்கு 180 முதல் 90 நாள் முன்னதாக விண்ணப்பிக்க பிடிடி என்றொரு வழி இருக்கிறது. விலகியதும் வீடு வாங்க நினைப்பவர்கள் அந்தச் சமயத்திலேயே தொடங்கிவிடலாம்.

இன்னும் விண்ணப்பிக்கவில்லை, ஆனால் வீட்டு ஒப்பந்தம் நெருங்கிவிட்டது என்றால், இன்றே "இன்டென்ட் டு ஃபைல்" ஒன்றைப் பதிந்துவிடுங்கள். விண்ணப்பிக்கப் போகிறேன் என்று விஏ-வுக்குச் சொல்லி வைக்கும் சின்னப் பதிவு அது. ஓராண்டுக்குள் முழு விண்ணப்பம் கொடுத்தால் போதும், இழப்பீட்டின் நடைமுறைத் தேதியாக இந்தப் பதிவின் தேதியே நிற்க வாய்ப்புண்டு. இதனால் என்ன லாபம் என்பது கடைசியில் ரீஃபண்ட் பகுதியில் தெரியும்.

இரண்டாம் படி: சிஓஇ தாளில் என்ன எழுதியிருக்கிறது?

சர்டிஃபிகேட் ஆஃப் எலிஜிபிலிட்டி, சுருக்கமாக சிஓஇ, உங்களுக்கு விஏ லோன் தகுதி உண்டு என்று சொல்லும் தாள். விஏ இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம், லெண்டரும் தன் கணினியிலிருந்து எடுத்துவிடுவார். பணியை முடித்தவர்களுக்குப் பணி விடுவிப்புத் தாளான டிடி-214 தேவைப்படும், பணியில் இருப்பவர்களுக்கு யூனிட்டிலிருந்து ஸ்டேட்மென்ட் ஆஃப் சர்வீஸ். தகுதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஃபண்டிங் ஃபீ என்ற இடத்தில் "எக்ஸெம்ப்ட்" என்று இருக்கிறதா, "நான்-எக்ஸெம்ப்ட்" என்று இருக்கிறதா என்பதுதான் இங்கே விஷயம்.

தாளை எடுத்ததற்கும் க்ளோசிங்குக்கும் நடுவில் ரேட்டிங் வந்துவிடுவதும் உண்டு. பழைய தாளை வைத்தே லெண்டர் ஃபீயைப் போட்டுவிடுவார். விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் முதல் பேச்சிலேயே லோன் ஆபீசரிடம் சொல்லிவிட்டு, க்ளோசிங்குக்கு முந்தைய வாரம் சிஓஇ-யைப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னதோடு விடாமல் ஒரு மின்னஞ்சலும் போட்டுவையுங்கள். இது வெறும் முன்ஜாக்கிரதை இல்லை. 2012 முதல் 2017 வரையிலான ஆறு ஆண்டுகளில், விலக்குப் பெற்றிருந்தும் ஃபீ வசூலிக்கப்பட்டவர்கள் சுமார் 72,900 பேர், தொகை சுமார் 28.6 கோடி டாலர் என்று விஏ-வின் தணிக்கைப் பிரிவே 2019-இல் கணக்கிட்டுச் சொன்னது.

மூன்றாம் படி: உங்கள் விகிதம் எது?

விலக்கு இல்லை என்றால் விகிதம் பார்க்க வேண்டும். வீடு வாங்கவும் கட்டவும் 2023 ஏப்ரல் 7 முதல் நடப்பில் இருப்பது இது:

முன்பணம் 5 சதவீதத்துக்குக் கீழே: முதல்முறை 2.15, மறுமுறை 3.3 சதவீதம்
முன்பணம் 5 முதல் 10-க்குள்: முதல்முறை, மறுமுறை இரண்டுக்கும் 1.5 சதவீதம்
முன்பணம் 10-ம் அதற்கு மேலும்: இரண்டுக்கும் 1.25 சதவீதம்

முழுநேரப் பணியில் இருந்தவர், ரிசர்வ், நேஷனல் கார்டு எல்லோருக்கும் ஒரே விகிதம். ரிசர்வ் ஆட்களுக்குக் கொஞ்சம் அதிகம் என்று பழைய கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். 2020 தொடக்கத்தில் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள்.

மறுமுறை என்பதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் வீட்டை விற்று, கடனை அடைத்து, தகுதியை முழுதாக மீட்டுவிட்டோம், ஆகவே மறுபடியும் முதல்முறைதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தகுதி மீண்டும் வந்தாலும் விகிதம் மறுமுறைதான். முன்பு எடுத்தது தொழிற்சாலையில் செய்து கொண்டுவரும் மேனுஃபேக்சர்டு வீட்டுக்கு மட்டும் என்றால் முதல்முறை விகிதமே கிடைக்கும்.

நான்காம் படி: முன்பணம் கட்டினால் எவ்வளவு மிச்சம்?

சான் அந்தோனியோவில் 4 லட்சம் டாலருக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஃபீ கணக்கிடப்படுவது கடன் தொகைக்கு, வீட்டு விலைக்கு இல்லை. அதனால் முன்பணம் கட்டும்போது தொகையும் குறைகிறது, விகிதமும் குறைகிறது.

முன்பணம் இல்லை: முதல்முறை 8,600 டாலர். மறுமுறை 13,200.
5 சதவீதம், அதாவது 20,000 கட்டினால்: கடன் 3,80,000, ஃபீ 5,700.
10 சதவீதம், அதாவது 40,000 கட்டினால்: கடன் 3,60,000, ஃபீ 4,500.

மறுமுறை எடுப்பவருக்கு 20,000 முன்பணம் 7,500 டாலரை மிச்சமாக்குகிறது. முதல்முறைக்காரருக்கு மிச்சம் 2,900. மறுமுறை என்றால் 5 சதவீதத்தை எப்படியாவது திரட்டப் பாருங்கள் என்பேன். முதல்முறைக்காரர், அதிலும் கையில் அவசரச் சேமிப்பே இல்லாதவர், 2,900 டாலருக்காக எல்லாவற்றையும் துடைத்துப் போட வேண்டியதில்லை.

5-லிருந்து 10-க்குப் போவதற்கு மட்டும் பெரிய காரணம் இல்லை. இன்னொரு 20,000 போட்டு ஃபீயில் 1,200 குறைகிறது, அவ்வளவுதான்.

எல்லைக் கோடு கறாரானது. 19,600 டாலர் கட்டினால் அது 4.9 சதவீதம். கடன் 3,80,400, விகிதம் 2.15, ஃபீ 8,178 டாலர் சொச்சம். இன்னும் 400 டாலர் போட்டிருந்தால் 5,700-இல் முடிந்திருக்கும். விலை பேசி முடித்த பிறகு விற்பவர் விலையை ஏற்றி இறக்கினால் இந்தச் சதவீதமும் நகரும். கடைசி நிமிடத்தில் ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.

சரி, 20 சதவீதமே கையில் இருக்கிறது என்றால்? அப்போது விஏ லோனையே ஒரு தடவை யோசிக்க வேண்டும். அரசு ஜாமீன் இல்லாத சாதாரணக் கன்வென்ஷனல் கடனில் 20 சதவீதம் கட்டினால் மார்ட்கேஜ் இன்சூரன்ஸ் கிடையாது, ஃபண்டிங் ஃபீயும் கிடையாது. விஏ-வில் 3,20,000 கடனுக்கு 4,000 டாலர் ஃபீ. வட்டி வித்தியாசம் அந்த 4,000-ஐ ஈடுகட்டுகிறதா என்று இரண்டுக்கும் எஸ்டிமேட் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலக்குப் பெற்றவருக்கு இந்தக் குழப்பம் இல்லை.

முன்பணம் அதிகம் இல்லாதவர்கள், அரசின் வீட்டுவசதி அமைப்பு காப்பீடு செய்யும் எஃப்ஹெச்ஏ கடனோடு ஒப்பிடுவதும் வழக்கம். அதே 4 லட்சம் வீட்டுக்கு எஃப்ஹெச்ஏ-வில் குறைந்தது 3.5 சதவீதம், அதாவது 14,000 கட்ட வேண்டும். மீதி 3,86,000-க்கு ஆரம்பத்தில் மார்ட்கேஜ் இன்சூரன்ஸ் கட்டணமாக 1.75 சதவீதம், 6,755 டாலர். அது விஏ-வை விடக் குறைவாகத் தெரியும். ஆனால் அதோடு விடாது. ஆண்டுக்கு 0.55 சதவீதம், சுமார் 2,100 டாலர், மாதாமாதம் பிரித்து வாங்கிக்கொண்டே இருப்பார்கள். 10 சதவீதத்துக்குக் கீழே முன்பணம் கட்டியவருக்கு அந்தக் கடன் இருக்கும் வரை அது நிற்காது. முதல்முறை விஏ எடுப்பவருக்கு ஓராண்டிலேயே கணக்கு நேராகிவிடும்.

ஐந்தாம் படி: எப்படிக் கட்டுவது?

வழிகள் மூன்று. க்ளோசிங் அன்று கையிலிருந்து கட்டலாம், கடனோடு சேர்த்துவிடலாம், விற்பவரைக் கட்டவைக்கலாம்.

பெரும்பாலோர் கடனோடு சேர்க்கிறார்கள். 8,600-ஐ 6.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக்குச் சேர்த்தால் மாதம் சுமார் 54 டாலர். வலிக்காத தொகைதான். 30 ஆண்டும் ஓடினால் மொத்தம் ஏறக்குறைய 19,500 டாலர் கட்டியிருப்பீர்கள். ஆனால் ராணுவத்தில் இருப்பவர் ஒரே வீட்டில் 30 ஆண்டு இருப்பது அபூர்வம். மூன்று நான்கு ஆண்டில் மாற்றல் உத்தரவு வந்துவிடும். அவருக்கு வேறொரு கணக்கு முக்கியம்: 4 லட்சம் வீட்டுக்கு 4,08,600 கடன், முதல் நாளே வீட்டு விலையை விடக் கடன் அதிகம். நான்கு ஆண்டு கழித்தும் அந்த 8,600-இல் சுமார் 8,170 அப்படியே பாக்கி நிற்கும், ஏனென்றால் ஆரம்பத் தவணைகளில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. வீட்டு விலை ஏறாத ஊரில், புரோக்கர் கமிஷனையும் கொடுத்து விற்கும்போது கையிலிருந்து பணம் போட வேண்டி வரலாம். சீக்கிரம் ஊர் மாறப் போகிறவர், முடிந்தால், ஃபீயைக் கடனில் ஏற்றாமல் இருப்பது நல்லது.

"முடிந்தால்" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வீடு வாங்கும் விஏ கடனில் ஃபண்டிங் ஃபீயைச் சேர்க்கலாம், ஆனால் டைட்டில், பதிவு, அப்ரைசல் போன்ற மற்ற க்ளோசிங் செலவுகளைச் சேர்க்க முடியாது. அவை கைப்பணமாகவே வர வேண்டும். ஆகவே கையில் இருப்பது கொஞ்சம்தான் என்றால் அதை அந்தச் செலவுகளுக்கு வைத்துக்கொண்டு ஃபீயைக் கடனில் விடுவதுதான் நடைமுறை.

விற்பவர் கட்டலாமா? தாராளமாக. சலுகையாக அவர் கொடுப்பது வீட்டின் விஏ மதிப்பில் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் வரம்பு. ஃபண்டிங் ஃபீ அந்த 4 சதவீதத்துக்குள் வரும். வழக்கமான க்ளோசிங் செலவை விற்பவர் ஏற்பது அதில் சேராது. 4 லட்சத்துக்கு 16,000 டாலர் வரம்பு, 8,600 அதற்குள் அடங்கிவிடும். வீடு பல மாதமாக விற்காமல் கிடக்கிறது என்றால் துணிந்து கேளுங்கள். ஏலம் போல நாலு பேர் போட்டி போடும் வீட்டில் கேட்டால் உங்கள் ஆஃபர் அடியில் போய்விடும்.

மற்றக் கட்டணங்களோடு போட்டுக் குழப்பாதீர்கள்

பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். லெண்டர் தன் வேலைக்கு வாங்கும் ஒரிஜினேஷன் கட்டணம் கடன் தொகையில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று விஏ கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்த 1 சதவீதத்தை வாங்கிக்கொண்ட லெண்டர், ப்ராசசிங் ஃபீ, அண்டர்ரைட்டிங் ஃபீ, டாக்குமென்ட் தயாரிப்பு என்று தனித்தனியாக மறுபடியும் உங்களிடம் வாங்க முடியாது. தாளில் இரண்டும் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். சில லெண்டர்கள் இந்த 1 சதவீதத்தையே வாங்குவதில்லை, வட்டியில் சரிக்கட்டுகிறார்கள். டிஸ்கவுன்ட் பாயின்ட் என்பது வட்டியைக் குறைக்க நீங்களாக விரும்பிக் கட்டுவது. கேட்காமலே அதைத் தாளில் சேர்த்து, "எங்கள் வட்டி குறைவு" என்று காட்டுவது இந்தத் தொழிலில் சகஜம்.

பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு, கரையான் பரிசோதனைக் கட்டணத்தை வாங்குபவர் கட்டக் கூடாது, பையர் ஏஜென்ட் கமிஷனையும் கட்டக் கூடாது என்று வாதாட வேண்டாம். முதலாவதை 2022-லும் இரண்டாவதை 2024 ஆகஸ்டிலும் தளர்த்திவிட்டார்கள்.

விண்ணப்பம் கொடுத்த மூன்று வேலை நாளுக்குள் லோன் எஸ்டிமேட் வர வேண்டும். குறைந்தது மூன்று லெண்டரிடமாவது, முடிந்தால் ஒரே நாளில், வாங்குங்கள். ஃபண்டிங் ஃபீ மூன்றிலும் ஒரே தொகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ உங்கள் நிலையைத் தவறாகப் பதிந்திருக்கிறார்கள். அதை ஒதுக்கிவிட்டு, லெண்டரின் சொந்தக் கட்டணங்கள் இருக்கும் முதல் பகுதியான "ஏ"-வையும் வட்டியையும் மட்டும் ஒப்பிடுங்கள். க்ளோசிங்குக்கு மூன்று வேலை நாள் முன்பு வரும் இறுதிச் செலவுத் தாளான க்ளோசிங் டிஸ்க்ளோஷரில் ஃபண்டிங் ஃபீ வரியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரீஃபைனான்ஸ் செய்யும்போது

ஏற்கெனவே உள்ள விஏ கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றும் ஐஆர்ஆர்ஆர்எல் திட்டத்தில் ஃபீ 0.5 சதவீதம்தான். வேறொருவரின் விஏ கடனை அப்படியே ஏற்றுக்கொண்டு வீடு வாங்கினாலும் 0.5. வீட்டின் மேல் பணம் எடுக்கும் கேஷ்-அவுட் என்றால் மறுபடி 2.15 அல்லது 3.3, வீட்டில் உங்கள் பங்கு எவ்வளவு இருந்தாலும் தள்ளுபடி கிடையாது.

ஐஆர்ஆர்ஆர்எல்-இல், ரீஃபைனான்ஸ் செலவு 36 மாதத்துக்குள் மாதத் தவணைக் குறைவில் திரும்பி வந்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தக் கணக்கில் ஃபண்டிங் ஃபீயைச் சேர்ப்பதில்லை. லெண்டர் காட்டும் மாதக் கணக்கோடு ஃபீயையும் கூட்டி நீங்களே வகுத்துப் பாருங்கள். அரசாங்கக் கடிதம் போலவே அச்சடித்து, "இரண்டு மாதத் தவணை கட்ட வேண்டாம்" என்று தபாலில் வருபவை பெரும்பாலும் லெண்டர் விளம்பரம். விட்ட தவணை எங்கும் போகாது, கடனில்தான் ஏறும்.

கட்டியாகிவிட்டது, பிறகு ரேட்டிங் வந்தால்?

ரீஃபண்ட் உண்டு. பார்க்க வேண்டியது ஒரே தேதிதான்: இழப்பீட்டின் நடைமுறைத் தேதி க்ளோசிங்குக்கு முன்னதாக இருக்க வேண்டும். முடிவுக் கடிதம் எப்போது வந்தது என்பது கணக்கில்லை. மார்ச்சில் இன்டென்ட் டு ஃபைல் பதிந்து, ஜூனில் வீட்டை முடித்து, நவம்பரில் 10 சதவீதம் கிடைத்து, நடைமுறைத் தேதி மார்ச் என்று வந்தால் ஃபீ திரும்பக் கிடைக்கும். ஜூனில் வீட்டை முடித்துவிட்டு ஆகஸ்டில்தான் முதல்முறையாக விண்ணப்பித்தால் பொதுவாகக் கிடைக்காது. பணியிலிருந்து விலகி ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவருக்கு மட்டும் நடைமுறைத் தேதி விலகிய மறுநாளுக்கே பின்னோக்கிப் போகும் என்பதால், ஆகஸ்டில் விண்ணப்பித்தாலும் அவர் தப்பிக்கலாம்.

இது பல நேரம் தானாக நடப்பதில்லை, கேட்க வேண்டும். ரேட்டிங் முடிவுக் கடிதத்தையும் க்ளோசிங் டிஸ்க்ளோஷரையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாநிலத்துக்கான விஏ ரீஜனல் லோன் சென்டரையோ, தவணை கட்டும் கம்பெனியையோ தொடர்புகொள்ளுங்கள். வீட்டை விற்றிருந்தாலும், ரீஃபைனான்ஸ் செய்திருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். ரீஃபைனான்ஸ் செய்யும்போதும் ஃபீ கட்டியிருந்தால் அந்த க்ளோசிங் தாளையும் சேர்த்து அனுப்புங்கள், இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள்.